கடலுக்கு முதுகு காட்டலாமா?

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வர என்ன செலவாகும் என்பது ஒன்று. "வெயிலில் அலையாதீர்கள், வீட்டிலேயே இருங்கள்" என்பது மற்றொன்று. முதற்பேச்சு பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடும். இரண்டாவது மட்டும் தவறாமல் நடைமுறைக்கு வரும். அதுவும் அண்ணன் தம்பிமார்க்கு அன்று, எங்களுக்கு மட்டுமே!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என இரயில் பாதையை ஒட்டி வாழும் எங்களுக்கு வங்கக்கடல் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் எங்களில் பலர் கடலைக் காண்பது காணும் பொங்கலன்று, மெரீனாவில், ஆயிரம் தலைகளுக்கு இடையே! இது எங்களுக்கு முறையாகப் படவில்லை. பங்குனியும் சித்திரையும்தாம் நம் கரையைக் காண ஏற்ற காலம் என்பது எங்கள் துணிபு.

"அந்த வெயிலிலா?" என்று கேட்பீர்கள். பூகோளப் பாடத்தில் படித்ததையே சொல்கிறோம். பகலில் நிலம் விரைந்து சூடேறுகிறது, கடல் மெல்லச் சூடேறுகிறது. ஆகவே நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறுகிறது. கோவளத்தில் அது முந்திக் கிடைக்கும். உள்ளே தள்ளியிருக்கும் தாம்பரத்துக்கு அது வந்து சேரும்போது நேரமும் கடந்திருக்கும், வேகமும் குன்றியிருக்கும். வெயிலுக்கு அஞ்சி நாம் அடைந்து கிடப்பது கரையைவிடச் சூடான இடத்தில்தான்!

இனி, காணத்தக்கவற்றுள் முதலிடம் பங்குனி ஆமைக்கே. சனவரி முதல் மார்ச் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டுவிட்டுத் திரும்புகின்றன. 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களே அவை கடல் சேரும் காலம். வனத்துறையின் பொரிப்பகங்களிலிருந்து மாலை வேளையில் அவற்றைக் கடலோரம் விடுவதைப் பெசன்ட் நகரில் பொதுமக்களும் காணலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு, யாரும் வழிகாட்டாமலே வெளிச்சமுள்ள திசையை நோக்கி நடக்கிறது. முன்னாளில் அந்த வெளிச்சம் கடலின் மேல் இருந்தது. இன்று தெருவிளக்கும் விடுதி விளக்கும் அதனைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன. இன்னொரு விந்தையும் கேளுங்கள். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பமே. சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண்! (வெயில் பெண்களுக்கு ஆகாது என்று யார் சொன்னது?)

2025 சனவரியில் சென்னைக் கரையில் 1,000-க்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. மீன்பிடி வலைகளில் சிக்கி, மூச்சுவிட மேலே வர இயலாமல் அவை மடிந்திருக்கலாம் என்று கூறப்பட்டது. 1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் பருவந்தோறும் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகின்றனர். நினைவிருக்கட்டும், அதைத் தொடங்கியவர்கள் மாணவர்களே.

அடுத்தது கோவளம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் வேளை என்பதே காரணம். ஆனால் கோவளத்துச் சிறுபடகுகளுக்கு அத்தடை இல்லை. அதிகாலையில் போனால் படகு கரையேறுவதையும், நெத்திலியும் சங்கராவும் மணலிலேயே ஏலம் போவதையும் காணலாம். ஏலத்தில் குரல் உயர்த்தி நிற்பவருள் பெண்களும் உண்டு. அருகிலேயே ஜான் டி மாண்டி என்னும் வணிகர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் இருக்கிறது.

கேளம்பாக்கம் வழியே சென்றால் உப்பளங்களைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். கழிமுகத்து நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவைத்து, அடியில் படியும் உப்பை நீண்ட கோலில் பலகை கட்டி வாருகிறார்கள். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடிக்குள் இருப்பது இந்த வெயில்தான்.

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதாத மலர் இல்லை. ஆகவே விட்டுவிடுகிறோம். ஆனால் அதற்குச் சற்று முன்பே சாளுவன்குப்பத்தில் இறங்குங்கள். 2004 ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின் தென்பட்ட கல்வெட்டைக் கொண்டு, 2005-இல் தொல்லியல் துறையினர் அங்கே பழைய முருகன் கோயில் ஒன்றைத் தோண்டி எடுத்தனர். வடநெம்மேலியில் 1976-இல் அமைந்த முதலைப் பண்ணையும் வழியில்தான் இருக்கிறது. தம்பி தங்கையருக்கு அதுவே போதும்.

இத்தனையும் இருக்க, ஏன் எங்களை அனுப்புவதில்லை? பெற்றோர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. பெண் பிள்ளைகள் ஒதுங்க நல்ல கழிப்பிடம் இல்லை என்கிறார்கள். உண்மைதான். ஆயினும் 2021-இல் கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றபோது, கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் உயிர்காப்போரும் அங்கே ஏற்பாடாயின. ஓரிடத்தில் இயன்றது ஏனைய கரைகளில் ஏன் இயலாது? கேட்பவர் இருந்தால் செய்பவரும் வருவர்.

கடல் ஆபத்தானது என்கிறார்கள். இதுவும் உண்மை. நம் கரையில் நீரோட்டம் காலை வாரிவிடும். குளிப்பதற்கு நாங்கள் அனுமதி கேட்கவில்லை. ஆனால் கடலிலிருந்து விலக்கி வைப்பதுதான் காவலா? 2004 பேரலைக்குப் பின் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், கடலூர் மாவட்டத்தில் மாண்டவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று கண்டிருக்கிறது. கரையில் மீனுக்காகக் காத்திருந்தோர் பெண்கள். குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடியோரும் பெண்களே. நீச்சலும் மரமேறலும் ஆண்பிள்ளைகள் கற்ற அளவுக்கு அவர்கள் கற்றதில்லை. கடலோடு பிறந்த பெண்களுக்கே இந்த நிலை என்றால், எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விரல்கள் மிஞ்சும்!

ஆகவே அன்புள்ள பெற்றோரிடமும் அருட்சகோதரியரிடமும் நாங்கள் வேண்டுவது இரண்டு. இந்த விடுமுறையிலேயே எங்களைத் தகுந்த ஆசிரியை இருக்கும் நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள். சித்திரை வெயில் முற்றுமுன் ஒரு நாள் விடியற்காலையில் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் செல்லும் 515 பேருந்து போதும், வாடகைக் கார் வேண்டாம். இட்டலிப் பொட்டலமும் தண்ணீரும் நாங்களே எடுத்து வைத்துக்கொள்கிறோம். திரும்பும் வழியில் நுங்கு மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும்.