சாலையில் இறந்த ஒவ்வொருவருக்கும் மதுச் சோதனை: எங்கள் நிலைப்பாடு

2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். குடித்துவிட்டு ஓட்டியதால் நேர்ந்த சாவுகள் இவற்றில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதே ஆண்டு அமெரிக்காவில் இந்தப் பங்கு 32 சதவீதம். அங்கே விபத்தில் இறக்கும் ஓட்டுநர்களில் பெரும்பாலோரின் இரத்தம் சோதிக்கப்படுகிறது. இங்கே முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதியதும் காரணம் தேடுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த வேகத்துக்குப் பின்னால் மது இருந்ததா என்ற கேள்வி எழுவதே இல்லை. ஆகவே அரசு சொல்லும் இந்தக் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை.

காயத்தோடு பிழைத்திருப்பவர் விஷயத்தில் நேரமும் ஆதாரத்தை அழிக்கிறது. 100 மி.லி. இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் மணிக்கு ஏறக்குறைய 15 மி.கி. குறையும். விபத்தின்போது 70 மி.கி. இருந்தவரை ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஜி.ஹெச்.சுக்கு மாற்றி, மூன்று மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால் 25தான் காட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு வைத்திருக்கும் வரம்பு 30.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். மறு ஆண்டே அது தளர்த்தப்பட்டது. கடைகள் விலகியபோது எத்தனை உயிர் தப்பியது, திரும்பியபோது எத்தனை போனது? சோதனை நடந்திருந்தால் இதற்கு நம்பத்தக்க பதில் இருந்திருக்கும்.

சாலையில் இறக்கும் ஒவ்வொருவருக்கும், நடந்து போனவர் உட்பட, பிரேதப் பரிசோதனையில் மதுச் சோதனை கட்டாயமாக வேண்டும். காயமடைந்த ஓட்டுநருக்கு முதலில் சேர்க்கும் மருத்துவமனையிலேயே இரத்தம் எடுக்க வேண்டும்.

குடும்பங்கள் இதற்கு அஞ்சுவது எங்களுக்குத் தெரியும். போதையில் இருந்தார் என்று பதிவானால், வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கைவிட்டுப் போகும். கணவனை இழந்தவளை அதற்காகவும் தண்டிப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. இறந்தவரின் சோதனை முடிவு பெயரின்றிப் புள்ளிவிவரத்துக்கு மட்டும் போகட்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தரக் கூடாது. உயிரோடிருக்கும் ஓட்டுநர் மீதான வழக்குக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் தடய மருத்துவத் துறை இருக்கிறது. அங்கே உடனே தொடங்கலாம். சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பிக்குப் பெரிய செலவில்லை. ஆய்வகங்களுக்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும். அதற்கான நிதியை வரும் பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.