மாரிக்கு எந்த மழைக்கோட்டு?

ஒஸ்லோவிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் விலைகூடிய மழைக்கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து உறவினருக்குக் கொடுப்பதுண்டு. மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போய்விடும் என்பார்கள். குளிர்நாட்டில் இது பெருமளவு உண்மை. திருகோணமலை மாரியில் முதற்பாதி மட்டுமே நிலைக்கும். 1969இல் பொப் கோர் கண்டறிந்த கோர்டெக்ஸ் சவ்வின் துளைகள் மழைத்துளியைத் தடுக்கும், நீராவிக்கு வழிவிடும். ஆனால் அந்த ஆவியை வெளியே தள்ளுவது இருபுறத்துக்கும் இடையிலான நீராவி அழுத்த வேறுபாடுதான். 34 பாகையில் வியர்த்த தோலருகே அந்த அழுத்தம் 5.3 கிலோபாஸ்கல். 5 பாகைக் குளிரில், மழை பெய்தாலும், வெளியே 0.8தான் இருக்கும். மார்கழியில் கொட்டியார் குடாவில் 26 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதனும் என்று கொண்டால் அது 2.9. தள்ளும் விசை ஏறக்குறையப் பாதியாகிறது; வலை இழுப்பவர் உடலிலோ வியர்வை பெருகுகிறது. கச்சான் வீசும் ஆடியில் காற்று உலர்ந்ததாகத் தோன்றினாலும், வெப்பம் கூடுவதால் வெளியே நீராவி அழுத்தம் பெரிதாகக் குறையாது; அதே சவ்வு அவ்வளவு மேலாக வேலைசெய்யாது. அப்போது மழைக்கோட்டுக்கும் வேலையில்லை.

இதைவிடக் கேடு வெளித்துணி நனைவது. துணிமேல் பூசிய நீர்விலக்கிப் பூச்சு இருக்கும்வரை மழை முத்துமுத்தாக உருண்டோடும். உப்பும் மீனெண்ணெயும் அழுக்கும் படிந்தால் துணி நீரை உறிஞ்சிக்கொள்ளும். சவ்வு கிழியாமலே ஆவியின் வழி அடைபடும். உள்ளே திரளும் வியர்வையைக் கண்டு கோட்டு ஒழுகுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். நன்னீரில் கழுவி, அறிவுறுத்தல்படி மிதமாகச் சூடுகாட்டினால் பூச்சு ஓரளவு மீளும். வாடையில் நனைந்த உடல் விறைக்கும், ஆகவே எதுவும் இல்லாததற்கு இது மேல் என்று சொல்லலாம். சரிதான். ஆயினும் காற்றையும் மழையையும் மறிக்கச் சாதாரணப் பிளாஸ்டிக் கோட்டே போதும். பிளாஸ்டிக்குள் புழுங்குமே என்றால், புழுக்கத்தை ஆற்றுவது காற்றோட்டம்: அக்குளில் திறக்கும் சிப், தளர்ந்த வெட்டு, மேல்மடிப்பின் கீழ் மறைந்த முதுகுத் திறப்பு, உள்ளே பருத்திக்குப் பதில் விரைவில் உலரும் சட்டை. நுவரெலியாவின் குளிருக்குச் சவ்வுக் கோட்டு வாங்குவதில் நியாயமுண்டு. மோட்டார் சைக்கிளில் அசையாமல் இருந்து கிண்ணியாவுக்குப் போகிறவருக்கும் அது ஒத்துவரலாம். ஃபைபர் படகில் நிற்பவருக்கும் துறைமுகத்தில் சுமை இறக்குபவருக்கும் மழையங்கி வாங்குவோர், ஆவியை வெளிவிடும் திறனை ஆய்வுகூடத்தில் வேறொரு காற்றில் அளந்து சொல்லும் சுவாச எண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் தையல் ஒட்டிய, திறப்புகள் உள்ள இரண்டு கோட்டுகளை ஆளுக்குக் கொடுக்கட்டும். ஒன்று காயும்போது மற்றதை உடுத்தலாம்.