முத்திரை மரக்கால் எங்கே?

நெல் அளக்கும் மரக்காலிலும் சூது உண்டு என்பதைத் தஞ்சைத் தரணி அறியும். பண்ணைக்கு வரும் நெல்லை அளக்க ஒரு மரக்கால். பண்ணையாளுக்குக் கூலி அளக்க வேறொரு மரக்கால். தோற்றம் ஒன்றே, கொள்ளளவுதான் வேறு. ஆகவேதான் 1940களில் செங்கொடியின்கீழ்த் திரண்ட உழவர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. முத்திரையிட்ட மரக்காலையும் கேட்டார்கள். அளக்கும் கருவி எவன் கையில் இருக்கிறதோ, அவன் பக்கமே நியாயம் சாயும் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தார்கள்.

இன்று நம் வீட்டுச் சுவரை நோக்கி ஒரு புதிய மரக்கால் வருகிறது. ஸ்மார்ட் மீட்டர் என்பது அதன் பெயர். மின்வினியோகத்தைச் சீரமைப்பதாகக் கூறி 2021ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த திட்டம், நாடெங்கும் 25 கோடி மீட்டர்களை, முன்பணம் கட்டி மின்சாரம் பெறும் முறையில் பொருத்த இலக்கு வைத்தது. இது நமக்கு ஆதாயமா, நட்டமா? கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பதும் அறிவன்று; கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதும் அறிவன்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் கருவியின் நன்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். கணக்கெடுக்க வருபவர் சில நாள் தாமதித்தால், 490 யூனிட்டில் நிற்கவேண்டிய கணக்கு 510இல் போய் நிற்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த கட்டண அமைப்பில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு மேல்படியின் விலை உயர்ந்ததோடு, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைந்தது. தாமதம் வாரியத்துடையது, தண்டம் குடும்பத்துடையது! குறித்த நாளில், குறித்த நேரத்தில் தானே கணக்கை அனுப்பும் கருவி வந்தால் இந்த அநீதி தொலையும். மாதந்தோறும் கணக்கெடுப்பதும் எளிதாகும். எனவே, நமது சண்டை கருவியோடு அன்று.

கருவிக்குப் பின்னால் வரும் கட்டணத்தைப் பார்ப்போம். 2023இல் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளுக்கு நேரத்திற்கேற்ற கட்டணம் என்கின்றன. ஞாயிறு காயும் நேரத்தில், சூரிய மின்சாரம் பெருகுவதால், கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு குறையவேண்டும். ஞாயிறு மறைந்தபின், தேவை உச்சத்தை எட்டும் நேரத்தில், வீடுகளுக்குச் சாதாரணக் கட்டணத்தைப்போல் 1.1 மடங்குக்குக் குறையாமல் இருக்கவேண்டும். உழவர்களுக்கு விலக்கு உண்டு.

'குறையாமல்' என்ற சொல்லைக் கூர்ந்து பாருங்கள், தோழர்களே! உச்ச நேரக் கட்டணம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று கூறும் விதி, இதற்கு மேலே ஏறக் கூடாது என்று கூறவில்லை. தரை போட்டிருக்கிறார்கள், கூரை போடவில்லை.

யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, இரு குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொன்றும் 100 யூனிட் செலவழிக்கிறது. பழைய முறையில் ஆளுக்கு 500 ரூபாய். முதல் வீட்டில் பகலில் ஆள் உண்டு. துணி துவைப்பதும், நீர் ஏற்றுவதும், குளிர்சாதனம் ஓடுவதும் பகலிலேயே. பகலில் 50 யூனிட், உச்ச நேரத்தில் 20, மற்ற நேரத்தில் 30. புதிய கணக்கு 460 ரூபாய், ஆதாயம் 40.

இரண்டாவது வீட்டில் கணவனும் மனைவியும் விடிந்தால் வேலைக்குப் போகிறார்கள். பகலெல்லாம் கதவில் பூட்டு. மாலையில் வந்துதான் விளக்கும், விசிறியும், மிக்சியும், பிள்ளையின் படிப்பும். பகலில் 10 யூனிட், உச்ச நேரத்தில் 45, மற்ற நேரத்தில் 45. அவர்கள் கட்டவேண்டியது 512 ரூபாய் 50 காசு. இழப்பு சிறிதுதானே என்பீர்கள். நாளை அந்த 1.1 மடங்கை 1.5 மடங்காக்கினால்? முதல் வீட்டின் கணக்கு பழைய 500 ரூபாயிலேயே நிற்கிறது. கூலி வீட்டின் கணக்கோ 602 ரூபாய் 50 காசு!

வேலையை நேரம் மாற்றிச் செய்யக்கூடியவனுக்கு இந்தக் கட்டணம் பரிசு. மாற்ற முடியாதவனுக்கு இது வரி. இருட்டிய பிறகு விளக்கேற்றாமல் நண்பகலிலா ஏற்றுவான் ஏழை?

முன்பணம் என்பது அடுத்த ஆபத்து. கட்டணம் செலுத்தத் தவறியவருக்கு 15 நாள் முன்னறிவிப்புத் தந்த பின்னரே இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு. முன்பணம் தீர்ந்தால் தானே அணையும் மீட்டருக்கு முன் அந்தப் பாதுகாப்பு என்னாகும்? காப்புத்தொகை கட்டவேண்டாம் என்று இனிப்புக் காட்டுகிறார்கள். அந்த இனிப்புக்கு விலை பதினைந்து நாள் அவகாசமா?

மீட்டரின் விலையை யார் சுமப்பது என்பதும் கேள்வியே. தனியார் நிறுவனம் பொருத்திப் பராமரிக்கும். வாரியம் ஆண்டுக்கணக்கில் தவணை கட்டும் என்பதே மத்திய அரசு விரும்பிய முறை. அந்தத் தவணை முடிவில் நம் கட்டணத்தில்தான் வந்து சேரும். கேரளம் 2023இல் அந்த முறையை மறுத்தது. தமிழ்நாட்டில் சுமார் 82 லட்சம் மீட்டர்களுக்கான ஒப்பந்தப்புள்ளி, கோரிய விலை மிகுதி என்பதால் 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. செல்வம் கொழிக்கும் ஜெர்மனியே 2013இல் ஆய்ந்து, எல்லாச் சிறு நுகர்வோர்க்கும் கட்டாயமாக்கினால் செலவே ஆதாயத்தை விஞ்சும் என்று கண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆண்டுக்கு 6,000 யூனிட்டுக்கு மேல் செலவழிப்போர்க்கே கட்டாயம் என வரையறுத்தது. ஜெர்மனிக்குக் கட்டாத செலவு நம் குடிசைக்குக் கட்டுமா?

வாசகத் தோழர்களே, உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். இப்போதுள்ள மீட்டரைக் காலை 9 மணிக்கும், மாலை 5 மணிக்கும், இரவு 10 மணிக்கும் ஏழு நாள் குறித்து வையுங்கள். விதி சொல்லும் குறைந்த அளவுகளின்படி, பகல் செலவு மாலைச் செலவில் பாதிக்கு மேல் இருந்தால் உங்களுக்கு ஆதாயம், குறைந்தால் நட்டம். தெரு முழுவதும் இப்படிக் கணக்கெடுத்துவிட்டால், ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணையில் நம்மை ஏய்க்க எவராலும் இயலாது.

நாம் கேட்பவை ஐந்தே. வீடுகளுக்கு நேரக்கட்டணம் விருப்பமாக இருக்கட்டும், கட்டாயம் வேண்டாம். உச்ச நேரக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும். முன்னறிவிப்பின்றி எந்த வீட்டிலும் விளக்கணையக் கூடாது. மீட்டர் பொதுத்துறையின் உடைமையாக இருக்கவேண்டும். கணக்கெடுக்கும் தொழிலாளிக்கு மாற்றுப்பணி உறுதியாக வேண்டும்.

இந்த ஐந்தும் கிடைத்தால், மீட்டரை நாமே கதவு திறந்து வரவேற்போம். கிடைக்காதவரை, அன்று பண்ணையின் களத்துமேட்டில் எழுந்த கேள்வியையே இன்று மின்வாரியத்தின் வாசலில் எழுப்புவோம்: முத்திரை மரக்கால் எங்கே?