பழைய கைத்துப்பாக்கியை மாற்றத்தான் வேண்டுமா?

(நமது மும்பை பகுதி நேர நிருபர்)

ராணுவம் எந்தத் துப்பாக்கியை வாங்க வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் படித்தது பத்தாம் வகுப்பு. சுட்டது திருவிழாக் கடையில் பலூன். ஆனாலும் வாங்கப் போகிற பணம் வரிப் பணம். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லையில் நிற்பவர்களில் நம்மவர் பிள்ளைகளும் உண்டு. ஆகவே பேசலாம்.

நம் ராணுவத்தில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கைத்துப்பாக்கி, 9 மில்லிமீட்டர் '1ஏ' என்பது. மேற்கு வங்கத்தில் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. கல்கத்தாவில் சியால்டாவிலிருந்து ராணாகாட் போகும் லோக்கல் வண்டியில் ஏறினால் வழியில் அந்த ஊர் ஸ்டேஷனைப் பார்க்கலாம். துப்பாக்கியின் பூர்வீகம் மட்டும் இந்தியா அல்ல, பெல்ஜியம். ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வரையத் தொடங்கி 1926-ல் காலமாகிவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து சேவ் என்ற பெல்ஜியப் பொறியாளர் வேலையை முடிக்க, 1935-ல் அது வெளிவந்தது. உலகப் போரில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்துக்கொண்டபோது, வடிவமைப்பு கடல் கடந்து கனடாவுக்குப் போயிற்று. பிற்காலத்தில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பெயர் வாங்கிய டொராண்டோவின் ஜான் இங்கிலிஸ் கம்பெனி, 1944, 45-ம் ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் துப்பாக்கிகளைச் செய்து தள்ளியது. நம் இச்சாப்பூர் துப்பாக்கி அந்தக் கனடா மாதிரியின் வாரிசு.

அன்றைக்கு அது அற்புதம். மற்ற துப்பாக்கிகள் ஏழு அல்லது எட்டு தோட்டாக்களோடு நின்றபோது இதில் 13 தோட்டாக்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகள் இதை இடுப்பில் கட்டின. இன்றைக்கு வடிவமைப்புக்கு வயது 90 தாண்டிவிட்டது. அதனாலேயே தூக்கி எறிய வேண்டுமா?

வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் ரயில்வேயில் ஒற்றைத் தடத்தில் டிரைவருக்கு உருண்டை டோக்கன் கொடுக்கும் பழைய கருவி இருக்கிறது. தாத்தா காலத்துச் சாமான். ஒழுங்காகப் பராமரித்தவரை அது உயிர்களைக் காப்பாற்றியதே தவிர, பழையது என்பதற்காக யாரையும் கொன்றதில்லை. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் வேலை பார்த்தவர், திருநெல்வேலிக்காரர். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். "தம்பி, துப்பாக்கி கிழவனாகல. அதுக்குள்ள இருக்க ஸ்பிரிங்குதான் கிழவனாச்சு. மேகசின் வாய் கொஞ்சம் விரிஞ்சா போதும், தோட்டா ஏறாது. ஆபீசர் துப்பாக்கியத் திட்டுவாரு. ரெண்டு ரூபா சாமானுக்கு இன்டென்ட் போட்டு வருசக்கணக்கா காத்திருந்தது யாருக்குத் தெரியும்?" என்றார். ஸ்டோர் இலாகாவுக்கு இன்டென்ட் எழுதிப் பழகிய எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

அப்படியானால் மாற்றவே வேண்டாமா என்று அண்ணாச்சியை மடக்கினேன். அங்கேதான் அவர் வேறு மாதிரி பேசினார். பழைய துப்பாக்கியில் அவருக்கு இருக்கும் குறை வயது அல்ல, அதை வைத்துக்கொள்ள வேண்டிய முறை. முதல் குண்டுக்குச் சுத்தியல் பின்னால் இழுபட்டிருக்க வேண்டும். அப்படி இழுத்து, தோட்டாவை அறையில் ஏற்றி, ஒரு சிறிய பாதுகாப்புத் தாழை நம்பி இடுப்பில் வைத்திருக்கப் படைகள் பயப்படுகின்றன. ஆகவே அறையைக் காலியாக வைத்துக்கொள் என்று உத்தரவு போடுகிறார்கள். ஆபத்து வந்ததும் உறையிலிருந்து எடுத்து, மறு கையால் மேற்பகுதியை இழுத்து விட்டால்தான் சுட முடியும். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும் ஜீப் டிரைவர் என்ன செய்வார்? ஒரு கையில் குண்டுக்காயம் பட்டவர் என்ன செய்வார்? கைத்துப்பாக்கி தேவைப்படுவதே மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு, ஐந்தாறு அடி தூரத்தில், இரண்டு விநாடிக்குள். அந்த இரண்டு விநாடியில் ஒன்றை இழுப்பதற்கே செலவழிப்பது நியாயமல்ல.

பிரிட்டன் இதைத்தான் கணக்கில் எடுத்தது. ஆப்கானிஸ்தானில் கூட இருந்த உள்ளூர்க் காவலர்களே திரும்பிச் சுட்ட சம்பவங்களைக் கண்ட பிரிட்டிஷ் ராணுவம், 2013-ல் பிரவுனிங்குக்கு விடை கொடுத்து ஆஸ்திரிய கிளாக் துப்பாக்கிகள் 25 ஆயிரத்தை வாங்கியது. எடை குறைவு, 17 தோட்டா, எடுத்தவுடன் சுடலாம். உறைகளையும் சேர்த்து மொத்தச் செலவு 90 லட்சம் பவுன். அன்றைய மதிப்பில் ஒன்றுக்குச் சுமார் 30 ஆயிரம் ரூபாய். கனடாவோ, அந்த 1944-ம் வருஷத்துத் துப்பாக்கிகளையே வைத்துக்கொண்டு இழுத்தடித்து, ஒருமுறை டெண்டர் விட்டு, புகார் எழுந்து ரத்தாகி, கடைசியில் 2022-ல்தான் புதியதற்கு ஒப்பந்தம் போட்டது. பேரன் காலம்வரை ஓடிய துப்பாக்கி என்று பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று அந்த ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

கைத்துப்பாக்கியால் எந்தப் போரும் ஜெயிக்கப்பட்டதில்லை, அந்தப் பணத்தில் இரவில் பார்க்கும் கருவி வாங்கலாம் என்று ஒரு கட்சி சொல்கிறது. பாதி உண்மை. காலாட்படை வீரனுக்கு ரைபிள்தான் முதல். அதற்காக நம் அரசும் 2019-ல் 72,400 அமெரிக்க ரைபிள்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 2021-ல் ரஷ்யாவோடு சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஏ.கே. 203 ரைபிள்களை அமேதி பக்கம் கோர்வாவில் செய்ய ஒப்பந்தமும் ஆயிற்று. அது சரி. ஆனால் டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவன், ஹெலிகாப்டர் ஓட்டுபவன், ராணுவப் போலீஸ்காரன், ஆஸ்பத்திரி டாக்டர் ஆகியோருக்கு ரைபிள் நீட்ட இடம் ஏது? பலருக்குக் கைத்துப்பாக்கியே கடைசித் துணை, சிலருக்கு முதல் துணையும் அதுதான்.

மாற்றத்தைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நம் தேசம் இரண்டு முறை பார்த்திருக்கிறது. 1962-ல் தானியங்கி ஆயுதங்களோடு இறங்கிய சீனர்களை, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டிய 303 ரைபிளோடு நம் ஜவான்கள் எதிர்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவத்துக்கு இச்சாப்பூரின் 7.62 ரைபிள் வந்தது. போலீசுக்கு அந்தப் பாடம் எட்டவில்லை. 2008 நவம்பர் 26 இரவு, நம்மவர்கள் இன்னும் வி.டி. என்றே சொல்லும் சி.எஸ்.டி. ஸ்டேஷனில் இரண்டு பேர் ஏ.கே. ரைபிளோடு நுழைந்தபோது, அங்கே காவலுக்கு நின்றவர்களிடம் இருந்தது லத்தியும் அதே 303-ம்தான். 58 உயிர்கள் போயின. அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பப் பயணிகளை வேறு வழியாக வெளியேறச் சொல்லியிராவிட்டால் இன்னும் எத்தனையோ! அப்போது நான் ரயில்வேயில் சேர்ந்திருக்கவில்லை. இன்றைக்கும் அந்த ஹாலைக் கடக்கும்போது ஓய்வுபெற வேண்டிய ஆயுதத்தோடு நின்ற அந்தக் காவலர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆகவே மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் புதியது என்றாலே நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அமெரிக்கர்கள் 1911-ம் வருஷத்துக் கோல்ட்டை 1985-ல் மாற்றி இத்தாலியப் பெரட்டாவை எடுத்தார்கள். சில வருஷத்துக்குள் அதன் மேற்பகுதி உடைந்து சுட்டவர் முகத்திலேயே தெறித்த விபத்துகள் நடந்து, திருத்தம் செய்ய நேர்ந்தது. 2017-ல் அதையும் மாற்றி சிக் சாவர் வாங்கினார்கள். 2025 ஜூலையில் ஒரு விமானப்படை முகாமில் ஒருவர் இறந்ததும், அந்தத் துப்பாக்கியை ஒரு பிரிவு முழுவதும் நிறுத்தி வைத்து, சோதனை செய்த பிறகே மறுபடி கையில் எடுத்தது. நம் இன்சாஸ் ரைபிளும் கார்கில் குளிரில் மேகசின் விரிசலால் பட்ட பாடு தெரிந்ததுதான். பனியிலும் ராஜஸ்தான் மணலிலும் கீழே போட்டு, உதைத்து, தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் ஒரு துப்பாக்கியையும் ஏற்கக் கூடாது.

எங்கிருந்து வாங்குவது? வெளிநாட்டு டெண்டரின் லட்சணத்தை கார்பைன் விஷயத்தில் பார்த்தோம். 2018-ல் ஐக்கிய அரபு நாட்டுக் கம்பெனியின் 93,895 கார்பைன்களைத் தேர்ந்தெடுத்து, 2020-ல் அதைக் கைவிட்டார்கள். மறுபக்கம், மோவ் காலாட்படைப் பள்ளியும் புனே ஆயுத ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நான்கே மாதத்தில் 'அஸ்மி' என்ற இயந்திரக் கைத்துப்பாக்கியைச் செய்து 2021-ல் காட்டின. வடக்கு ராணுவக் கமாண்ட் 550 வாங்கியது. அது தோள்கட்டை வைத்தது, இடுப்பு உறையில் அடங்காது. ஆனால் நம்மால் முடியும் என்பதற்கு அது போதும். 9 மில்லிமீட்டர் தோட்டா இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குவது, அதை மாற்ற அவசியமே இல்லை. நம் திருச்சித் தொழிற்சாலைக்கு வேலையைக் கொடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் கைத்துப்பாக்கியில் கை பழகியது இச்சாப்பூர். ஊர்ப் பாசத்துக்காக ஆயுதம் செய்யக் கூடாது.

எல்லாருக்கும் ஒரே நாளில் வேண்டாம். கைத்துப்பாக்கி தவிர வேறு ஆயுதம் இல்லாதவர்களுக்கும், காஷ்மீரில் வீடு வீடாகச் சோதனைக்குப் போகிறவர்களுக்கும் முதலில் கொடுக்கட்டும். துப்பாக்கியோடு நல்ல உறையும், பழகுவதற்குத் தோட்டாவும் கணக்கில் சேரட்டும். வருஷத்துக்கு ஒருமுறை பேருக்குச் சுட்டுவிட்டுப் பூட்டி வைத்தால் கிளாக் ஆனாலும் இரும்புத் துண்டுதான்.

டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது அண்ணாச்சி இன்னொன்று சொன்னார். "புதுசுக்கு ஃபைல் நகர்ந்த அன்னைக்கே பழசுக்கு ஸ்பிரிங் வாங்குறத நிறுத்திருவாங்க தம்பி. புதுசு வர பத்து வருசமாகும். நடுவுல இருக்கவன் கதி?" பாதுகாப்பு அமைச்சகம் புதிய டெண்டரை எழுதும் அதே வாரத்தில், பழைய துப்பாக்கிகளுக்கு மேகசினும் ஸ்பிரிங்கும் வாங்கும் இன்டென்டிலும் கையெழுத்துப் போட வேண்டும்.