ராத்திரிக்கு ஒரு குழம்பு: பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பையன் என்கிறேனே தவிர, அவனுக்கு இப்போது நாற்பது வயது. சென்னையில் வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறார். "ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டேன். "வாரத்துல நாலு நாள் ஆர்டர்தான் சார். வீட்டுக்கு வரவே எட்டரை ஆயிடுது. அவ களைச்சுப் போயிருப்பா. அதுக்கு மேல சமைக்கச் சொல்ல மனசு வராது" என்றான்.

நல்ல மனசுதான். ஆனால் அவன் சொன்னதைக் கொஞ்சம் கவனியுங்கள். மனைவி களைத்துவிட்டால் அடுத்தது கடை. நடுவில் தான் ஒருவன் இருக்கிறோம் என்பது அவன் கணக்கிலேயே வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 62 வயது வரை நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

உங்களில் பலருக்குத் தெரியும், எங்கள் வீட்டு டீச்சரும் பக்கத்து ஊர்ப் பள்ளியில்தான் வேலை பார்த்தார். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவோம். நான் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு உட்காருவேன். அவர் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு நேரே அடுப்படிக்குப் போவார். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு நாளும் எனக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

ஐந்து வருஷம் முன்பு ஒரு மழை நாளில் அவர் பின்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. முதல் நாலு ராத்திரியும் கடையிலிருந்து பார்சல் வாங்கி வந்தேன். ஐந்தாம் நாள் இருவருக்குமே வயிறு சரியில்லை. அன்று அவர் அடுப்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அடுப்பைப் பத்த வைங்க, நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க" என்றார். நான் உப்புப் போட்டதும் ருசி பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் உப்பு கம்மின்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல, இனிமே போடவும் தெரிஞ்சுக்கோங்க" என்றார். 62 வயதில் எனக்கு மறுபடியும் ஒன்றாம் வகுப்பு.

அன்று கற்றது ஒரே ஒரு குழம்பு. அதன்பிறகுதான் ஒன்று புரிந்தது. ராத்திரிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது பத்துப் பதினைந்து வகை என்று நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அடிப்படை ஒன்றுதான், மாற்றங்கள்தான் பல. வாய்ப்பாடு போல அந்த அடிப்படையை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

நாலு பேருக்கு அளவு இது. கடலை எண்ணெய் 3 தேக்கரண்டி காயவைத்து, கடுகு, கொஞ்சம் சோம்பு, கறிவேப்பிலை தாளியுங்கள். பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல் போட்டு, அப்போதே கால் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கும், சீக்கிரம் வதங்கும். பிறகு தக்காளி 3, அது குழைந்ததும் மஞ்சள்தூள், குழம்பு மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி. தூள் போடும்போது தீயைக் குறைத்துவிட வேண்டும். மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அதற்காகத்தான் தண்ணீர் ஊற்றும் முன்பே தூளைப் பிரட்டுகிறோம். தீ அதிகமானால் கருகிக் கசந்துவிடும். அப்புறம் 2 டம்ளர் தண்ணீர், மீதி உப்பு, 10 நிமிடம் கொதி. எல்லாம் சேர்த்து 25 நிமிடத்தில் முடிந்துவிடும். இதுவே இட்லி தோசைக்குத் தக்காளிக் குழம்பு.

இனி மாற்றங்கள்.

தேங்காய் கால் மூடி, பொட்டுக்கடலை 1 தேக்கரண்டி, சோம்பு கொஞ்சம் அரைத்து ஊற்றி, தாளிப்பில் பட்டை, கிராம்பு சேர்த்தால் சால்னா. பரோட்டாக் கடையில் கறி இல்லாமல் ஊற்றுவார்களே, அந்த எம்டி சால்னாதான். சப்பாத்திக்கு அருமை.

தேங்காய் இல்லையா? மிளகாய்த்தூளுக்குப் பதில் பச்சை மிளகாய் 3 கீறிப் போட்டு, கடலை மாவு 2 மேசைக்கரண்டியைக் கட்டியில்லாமல் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பாம்பே சட்னி தயார். மாவு ஊற்றியபின் 5, 6 நிமிடம் கொதித்தால்தான் பச்சை வாசனை போகும். ஆற ஆறக் கெட்டியாகும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது தளரவே இருக்கட்டும்.

வேகவைத்த பாசிப்பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு இரண்டையும் சேர்த்து, பச்சை மிளகாய், தேங்காய், சோம்பு, பொட்டுக்கடலை அரைத்து விட்டால் கும்பகோணம் பக்கத்துக் கடப்பா. இதற்கும் மிளகாய்த்தூள் வேண்டாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்தில் வைக்கும் சொதிகூட ராத்திரிக்கு ஆகும். காய்களை இரண்டாம் பாலில் வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பும், அரைத்த இஞ்சி பச்சை மிளகாயும் சேர்த்து, கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிவதும் இறக்கிய பிறகுதான்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள், கொதிக்கும் தக்காளிக் குழம்பில் நாலு முட்டையை உடைத்து ஊற்றி, கரண்டி போடாமல் மூடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் முட்டைக் குழம்பு. மீதமான காய் எதையும் போடலாம். ஆனால் புளி ஊற்றுவதாக இருந்தால் காய் வெந்த பிறகு ஊற்றுங்கள். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் காய் வேக அடம்பிடிக்கும். நான் முதன்முதலில் வைத்த புளிக்குழம்பில் உருளைக்கிழங்கு முக்கால் மணி நேரம் கல்லாகவே கிடந்தது.

"இது எங்க அம்மா வைக்கிற மாதிரி இல்லையே" என்று சிலர் சொல்வீர்கள். இருக்க வேண்டாமே! தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி நம் நாட்டுக்கு வந்தவை. அதற்கு முன் நம் முன்னோர் மிளகைக் கொண்டுதான் காரம் சேர்த்தார்கள். வந்ததை எல்லாம் ஏற்றுக்கொண்டு மாறி வந்ததுதான் நம் குழம்பு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் புளியும் மோரும்தான் கைகொடுத்தன. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் டின் தக்காளியும் தேங்காய்ப்பால் பொடியும் போடுங்கள், ஒன்றும் குற்றமில்லை.

"நேரம் இல்லை சார்" என்பது அடுத்த பதில். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம், தக்காளியைத் தூள் போட்டு எண்ணெய் பிரியும்வரை மொத்தமாக வதக்கி, ஆறவைத்து, பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு வரும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு ஏதாவது ஒன்றாக மாற்ற 10 நிமிடம் போதும். ஆர்டர் போட்டுவிட்டு வண்டி எங்கே வருகிறது என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பது எத்தனை நிமிடம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கடைச் சாப்பாடே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு நான் இன்றைக்கும் அடிமை. ஆசைக்குச் சாப்பிடுவது வேறு, வழியில்லாமல் தினமும் சாப்பிடுவது வேறு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மொத்தமாகவே ஒரு சின்னக் கரண்டி அளவுதான். கடைக் குழம்பில் எவ்வளவு உப்பு, எத்தனையாவது முறை காய்ந்த எண்ணெய் என்று நமக்கு எப்படித் தெரியும்? வீட்டில் கரண்டி நம் கையில் இருக்கிறது. என்னைப் போல பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நான் இதை எழுத உடம்பு மட்டும் காரணம் இல்லை.

மாவுக்கட்டு போட்டிருந்த அந்த நாட்களில் ஒரு ராத்திரி, தோசை ஊற்றிச் சூடாகத் தட்டில் போட்டு, பக்கத்தில் குழம்பை ஊற்றி டீச்சரிடம் கொடுத்தேன். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து இரண்டு வாய் சாப்பிட்டார். "தோசையைச் சூடாச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். எல்லாருக்கும் ஊற்றிப் போட்டுவிட்டுக் கடைசியாக உட்காருகிறவருக்கு எப்படிச் சூடாகக் கிடைக்கும்? அன்று எனக்குத் தோசை இறங்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் ராத்திரி அடுப்பு என்னுடையதுதான். சில நாள் காரம் கூடிப்போகும், சில நாள் நன்றாகவே வரும். அவர் பேப்பர் படிக்கிறார்.

இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை நடத்தும்போது "அம்மா சமைக்கிறாள். அப்பா செய்தித்தாள் படிக்கிறார்" என்று கரும்பலகையில் நான் எழுதிப் போட்டது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இலக்கணப்படி சரிதான். மற்றபடி நான் சொல்லிக்கொடுத்தவற்றில் அது ஒரு தப்பு. இப்போது திருத்துகிறேன், உங்கள் நோட்டிலும் திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் இதுதான். இந்த வாரம் ஒரே ஒரு ராத்திரி, இதுவரை வீட்டில் குழம்பே வைக்காதவர் யாரோ, அவர் வைக்க வேண்டும். பத்து வயது தாண்டிய மகன் இருந்தால் பக்கத்தில் நிறுத்தி வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவருக்கு அன்று முதலில் பரிமாறுங்கள். எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். உப்புக் கரித்தாலும் பரவாயில்லை, மார்க் குறைக்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்