இருமும் பசு... பாலைக் குடிக்கலாமா, விற்றுவிடலாமா?

கேள்வி: ‘‘4 மாதங்களுக்கு முன்பு சந்தையில் ஒரு கலப்பினப் பசு வாங்கினோம். தீனி நன்றாக எடுத்தும் உடம்பு தேறவில்லை. விடியற்காலையில் இருமுகிறது. 2 முறை ஊசி போட்டும் நிற்கவில்லை. காசநோயாக இருக்கலாம் என்கிறார்கள். வீட்டில் 3 வயதுப் பேரன் இருக்கிறான். பாலைக் கொடுக்கலாமா? மாட்டை விற்றுவிடலாமா?’’

- வாசகி, ஒட்டன்சத்திரம்.

பதில்: முதலில் பால் விஷயம். பரிசோதனை முடிவு தெரியும்வரை இந்தப் பசுவின் பாலை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கன்றுக்கு வேறு நல்ல மாட்டின் பாலைக் கொடுங்கள். எந்த மாட்டுப் பாலாக இருந்தாலும், பொங்கி வரும்வரை காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். காசநோய்க் கிருமி சூட்டில் செத்துவிடும். கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பதுதான் ஆபத்து.

இருமலும் மெலிவும் இருந்தாலே காசநோய் என்று சொல்லிவிட முடியாது. நுரையீரல் புழு இருந்தாலும் மாடு இருமும். அதேபோல, நோய் உள்ள மாடு பல மாதங்கள் கொழுகொழுவென்றும் இருக்கும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

டியூபர்குலின் தோல் பரிசோதனை செய்ய வேண்டும். கழுத்தில் முடியை மழித்து, தோலின் தடிமனை காலிப்பரால் அளப்பார்கள். பிறகு, கிருமியின் புரதத்தை 0.1 மில்லி, தோலுக்குள் ஊசி மூலம் செலுத்துவார்கள். 72 மணி நேரம் கழித்து மீண்டும் அளப்பார்கள். வீக்கம் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், நோய்த்தொற்று இருப்பதாகக் கொள்வார்கள். சந்தேகம் இருந்தால், பறவைக் காசநோய்ப் புரதத்தையும் பக்கத்தில் செலுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மறுபரிசோதனைக்கு 6 வாரம் இடைவெளி வேண்டும். பசு சமீபத்தில் கன்று ஈன்றிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் நோய் இருந்தும் வீக்கம் வராமல் போகலாம். கால்நடை மருந்தகத்தில் கேட்டால், பரிசோதனைக்கு வழிகாட்டுவார்கள்.

அதுவரை மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். தீவனத்தொட்டி, தண்ணீர் வாளி தனியாக இருக்கட்டும். கொட்டகையில் காற்றும் வெயிலும் வரட்டும். இந்த மாட்டைக் கவனித்துவிட்டு மற்ற மாடுகளிடம் போவதற்கு முன், சோப்பு போட்டுக் கைகால் கழுவுங்கள்.

நோய் உறுதியானால், மனிதர்களுக்கான காசநோய் மாத்திரைகளை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். முழுமையாகக் குணமாகும் என்ற உறுதி இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகும் வாய்ப்பும் உண்டு. மற்ற மாடுகளையும் பரிசோதித்து, மருத்துவர் சொல்வதுபோல அந்த மாட்டை ஒதுக்கிவைக்க வேண்டும்.

விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்ட பணம் போகிறதே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால், சொல்லாமல் விற்றால், இன்று உங்களுக்கு வந்த கஷ்டம் நாளை இன்னொரு வீட்டுக்குப் போகும். அங்கேயும் ஒரு குழந்தை இருக்கலாம்.

இன்னொன்று. மனிதர்களிடமிருந்தும் மாட்டுக்கு இந்த நோய் வரும். வீட்டில் யாருக்காவது 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். இனி மாடு வாங்கும்போது, பரிசோதித்த பிறகே உங்கள் மந்தையில் சேருங்கள்.