விடுபட்ட பெண்களுக்கு ஊசி எங்கே?

பாளையங்கோட்டையிலே காது கேளாதோர் பள்ளி ஒன்று உண்டு. ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்னும் ஆங்கில மாது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அந்தப் பணியை நாம் போற்றுகிறோம். ஆனால் செவி கெட்டபின் கல்வி தருவது ஒன்று, செவி கெடாமல் காப்பது வேறொன்று அல்லவா?

பிள்ளைக்குக் காது கேட்கவில்லையென்றால் முன்வினை என்பாருண்டு. வினையுமில்லை, விதியுமில்லை! சொந்தத்துக்குள் மணமுடிப்பது ஒரு காரணம். அதை இன்னொரு நாள் பேசுவோம். மற்றொன்று ருபெல்லா என்னும் கிருமி. இரண்டு மூன்று நாள் இலேசான காய்ச்சல், மேலெல்லாம் சிறு தடிப்பு, அவ்வளவுதான். முக்கூடலில் பீடி சுற்றும் நம் சகோதரி அதற்காகத் தட்டைக் கீழே வைப்பாளா? அவள் வயிற்றுப் பிள்ளைக்காரியாக, அதுவும் முதல் மூன்று மாதத்தில் இருந்துவிட்டால், கிருமி கருவைத் தாக்குகிறது. பிறக்கும் பிள்ளைக்குச் செவி போகலாம், கண்ணில் புரை விழலாம், இருதயமும் பழுதாகலாம்.

1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டு சொன்னார். 1964-65-இல் அமெரிக்காவில் நோய் பரவி, சுமார் 20,000 குழந்தைகள் குறையோடு பிறந்தன. 1969-இல் அங்கே தடுப்பூசி வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடும் இயக்கம் எப்போது தொடங்கிற்று? 2017 பிப்ரவரியில்! 48 ஆண்டுகள்! அதையும் வாட்ஸ்அப் வதந்தி வழிமறித்தது. பெற்றோர் பலர் தயங்கி நின்றனர்.

அன்று 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோருக்கே ஊசி. பதினைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு? ஒன்றுமில்லை. தாமிரபரணிக் கரையெங்கும் அவளுக்கு இன்று தாயாகும் பருவம். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஊசி போட்டு நிறுத்தினாலும் ஆபத்துத்தான்: சிறு வயதில் வந்து போயிருக்க வேண்டிய நோய், கர்ப்ப காலத்தில் வந்து நிற்கும்.

அரசின் காப்பீட்டில் லட்சக்கணக்கில் செலவழித்துக் காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள், வரவேற்கிறோம். விடுபட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக ஓர் ஊசி போட்டால் என்ன? கர்ப்பிணிக்கு அதைப் போடக் கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கவும் கூடாது. ஆகவே திருமணத்துக்கு முன்பே போட வேண்டும். கழுத்திலே தங்கச் சங்கிலி போட்டால் தீரும் என்று நம்புகிறோமே, அந்தப் பொன்னுக்கு வீங்கியும் சில பிள்ளைகளின் காதைக் கெடுத்துவிடுகிறது; 2017-இல் போட்ட ஊசி அதைத் தடுக்காது.

கிளைத் தோழர்கள் வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக ஏறி இறங்குகிறார்கள். அடுத்த முறை தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பாருங்கள்: 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கிராம செவிலியரிடம் அன்றே சொல்லுங்கள்.